நீண்ட டிரைவ்வேயில் பனி: தகட்டால் தள்ளுவதா, புளோயரால் வீசுவதா?

மேட்டுவீட்டுக்காரன் (ஷெல்பர்ன், ஒன்ராறியோ)

அனைவருக்கும் வணக்கம். இந்தக் கோடையில் ஸ்காபரோவை விட்டு ஷெல்பர்னுக்கு வடக்கே, மெலங்தன் பக்கம் குடிவந்திருக்கிறோம். சாலையிலிருந்து வாசல்வரை 190 மீட்டர் டிரைவ்வே, முழுவதும் சரளைக்கல். அகலம் மூன்றரை மீட்டர். மேற்கே வெறும் உருளைக்கிழங்கு வயல், அதற்கப்பால் காற்றாலைகள். வீட்டை நெருங்கும்போது கிழக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு ஸ்புரூஸ் மர வரிசை இருக்கிறது. கடைசி 40 மீட்டர் மேடு.

ஸ்காபரோவில் மண்வெட்டியும் ஒரு சின்ன மின்சாரப் புளோயரும் போதுமாக இருந்தன. இங்கே அவை எந்த மூலைக்கும் காணாது என்பது பார்த்தாலே தெரிகிறது. உடன் வேலை செய்யும் ஒருவர், பிக்கப் டிரக்கின் முன்னால் பனி தள்ளும் பிளவ் தகடு பூட்டு, வேறு எதையும் யோசிக்காதே என்கிறார். கடைக்காரர், 28 அங்குல இரட்டைக் கட்டப் புளோயர் (திருகு பனியை உள்ளே இழுக்க, விசிறி அதை வெளியே வீசும் எந்திரம்) வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்கிறார். இருவரும் சத்தியம் செய்யாத குறை.

மனைவிக்கு ஆரஞ்ச்வில்லில் காலை ஏழு மணிக்கு வேலை. ஆறேகாலுக்குக் கார் சாலையில் இருக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளி பஸ் டிரைவ்வே முனையில்தான் நிற்கும். கையில் சுமார் 10,000 டாலர் இருக்கிறது. பழைய அரை டன் பிக்கப் ஒன்றும் உண்டு. இந்த நிலத்துக்கு எது ஒத்துவரும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மஸ்கோகாக் காடு

அண்ணா, தகடுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

190 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் பனி. 133 கன மீட்டர் வருகிறது. புதிதாக விழுந்த காய்ந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலும் 13 டன். மார்ச் மாதத்து ஈரப்பனி என்றால் அதைப்போல் மூன்று மடங்கு. 28 அங்குலப் புளோயர் ஒரு தடவையில் 71 சென்டிமீட்டர்தான் வெட்டும். ஓரம் ஒன்றன்மேல் ஒன்று படிய ஓட்டினால் பாதையின் நீளத்தை ஆறு முறை நடக்க வேண்டும், மொத்தம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். ஆழமான பனியில் அந்த எந்திரம் மணிக்கு ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். வாசல் முன்னால் கார் திருப்பும் இடத்தையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம். ஆறேகாலுக்குக் கார் போக வேண்டும் என்றால் நாலேமுக்காலுக்கே நீங்கள் இருட்டில், மைனஸ் 20-இல், மேல்காற்றில் நிற்க வேண்டும். காற்று எதிரே அடித்தால் வீசிய பனி முகத்துக்கே திரும்பி வரும்.

ஏழரை அடித் தகடு பூட்டிய டிரக்கில் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்து 15 நிமிடத்தில் வேலையை முடித்துவிடலாம். நான் பிரேஸ்பிரிட்ஜுக்கு அருகே இருக்கிறேன். பாதை உங்களுடையதைவிட நீளம், தகட்டால்தான் சமாளிக்கிறேன்.


பழைய பட்டறை (டண்டாக்)

மஸ்கோகாத் தம்பி சொன்ன கணக்கு சரி. ஆனால் அவர் மரங்களுக்கு நடுவில் இருக்கிறார். மேட்டுவீட்டுக்காரர் இருப்பது எங்கள் மேட்டுநிலத்தில். கடல் மட்டத்துக்கு மேல் 500 மீட்டர், தென் ஒன்ராறியோவிலேயே உயரமான பகுதிகளில் ஒன்று. காற்றாலைகளைச் சும்மா இங்கே நட்டு வைக்கவில்லை.

நான் பண்ணை எந்திரம் பழுதுபார்ப்பவன். வாடிக்கையாளர்களிடம் எப்போதும் முதலில் கேட்பது, எவ்வளவு பனி விழுகிறது என்பதை அல்ல. விழுந்த பனி எங்கே போகும், விழாத பனி எங்கிருந்து வரும் என்பதைத்தான். இங்கே வானத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் விழுந்த நாளில் உங்கள் டிரைவ்வேயில் அறுபது கிடக்கும். மிச்சம் ஐம்பதும் மேற்கு வயலிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வந்தது. வெயில் அடிக்கும், வானம் நீலமாக இருக்கும், நெடுஞ்சாலை 10-ஐ மூடியிருப்பார்கள். பனி பொழியாத நாளில்கூட.

ஓடுகிற காற்று பனியைச் சுமக்கும். எங்கே வேகம் குறைகிறதோ அங்கே இறக்கிவைக்கும். தகடு பனியை இரண்டு ஓரத்திலும் தள்ளி வரம்பு கட்டிவிடுகிறது. அடுத்த முறை காற்று அந்த வரம்பைத் தாண்டும்போது பின்னால் இருக்கும் பள்ளத்தில் வேகம் இழக்கிறது. பள்ளம் எது? நீங்கள் சுத்தம் செய்து வைத்த டிரைவ்வே. வரம்பு அறுபது சென்டிமீட்டர் என்றால் டிரைவ்வேயும் அந்த மட்டத்துக்கு நிரம்பும்வரை காற்று ஓயாது. திரும்பவும் தள்ளினால் வரம்பு இன்னும் உயரும், பள்ளம் இன்னும் ஆழமாகும். ஜனவரி முடிவதற்குள் உங்கள் டிரக்கின் கதவைத் திறக்க முடியாத அகலத்துக்குப் பாதை குறுகிவிடும். இறுகிய வரம்பைத் தகடு தள்ளாது. டிரக்தான் விலகிப் போகும்.

புளோயர் அந்தப் பனியை எடுத்துக் கிழக்கே, காற்று போகும் திசையிலேயே பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி வீசிவிடும். வரம்பு மிஞ்சாது. திறந்த வெளியில் நான் புளோயர் பக்கம்.


மஸ்கோகாக் காடு

ஐயா சொல்வதில் ஒன்றை ஏற்கிறேன், ஒன்றை ஏற்கவில்லை.

குறுகிப் போவது தகட்டின் குற்றமல்ல, ஓட்டுகிறவர் குற்றம். முதல் பனியிலேயே பாதையின் ஓரத்தைத் தாண்டி இருபுறமும் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும். நவம்பரில் யாருக்கும் அதற்குப் பொறுமை இருப்பதில்லை. கார் போகும் அகலத்துக்கு ஒரு கோடு இழுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். அந்த முதல் வரம்பு உறைந்ததும் பாதையின் அகலம் குளிர்காலம் முழுவதற்கும் அங்கேயே நின்றுவிடுகிறது. பனி நின்ற பிறகு மறுநாள் ஒருமுறை போய், தகட்டைச் சற்றே தூக்கிவைத்து வரம்பின் தலையைச் சீவிவிட்டு வந்தால் மார்ச்வரை இடம் இருக்கும்.

காற்றைப் பற்றி ஐயா சொன்னதை ஏற்கிறேன். எங்கள் காட்டில் பனி நேராக விழும், விழுந்த இடத்தில் கிடக்கும். மெலங்தன் பக்கம் நான் குளிர்காலத்தில் வண்டி ஓட்டியிருக்கிறேன், அது வேறு உலகம்.


லாவல் அக்கா

தம்பி, கியூபெக்கில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் ஒரு டிராக்டர் வரும். பின்னால் புளோயர் பூட்டியிருக்கும், ஆனால் வாய் முன்பக்கம் பார்த்திருக்கும். ஓட்டுநர் கராஜ் கதவுவரை ரிவர்ஸில் வந்து, எந்திரத்தை இறக்கி, முன்னால் ஓட்டிக்கொண்டே பனியைச் சுரண்டி உள்ளே இழுத்துப் புல்தரையில் வீசிவிட்டுப் போய்விடுவார். ஒரு வீட்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னோக்கி ஓட்டும் வேதனையும் இல்லை.

தெருப் பனியைத் தள்ளாமல் வீசும் எந்திரம் இங்கே பிறந்ததுதான். மொன்றியல் பக்கத்து ஆர்தர் சிக்கார் 1925-இல் செய்து காட்டினார், 1927-இல் உட்ரமோன் நகராட்சி முதல் எந்திரத்தை வாங்கியது. நெருக்கமான தெருக்களில் தள்ளிய பனியைக் குவிக்க இடமில்லை. அதை லாரியில் ஏற்ற ஒரு வழி தேவைப்பட்டது. ஆகவே உங்கள் டிரைவ்வேயில் குவிக்க இடம் இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். 190 மீட்டர் நேர்ப்பாதையில் ஓரங்களில் இடம் இருக்கலாம், கராஜ் முன்னால் இருக்குமா? தகட்டால் தள்ளிக்கொண்டு வரும் பனியெல்லாம் கடைசியில் ஓரிடத்தில் மலையாக நிற்க வேண்டும்.


மேட்டுவீட்டுக்காரன்

அக்கா, ஐயா, மிக்க நன்றி. கராஜ் முன்னால் இடம் இருக்கிறது. ஆனால் அதன் ஒரு பக்கம் செப்டிக் படுகை (வீட்டுக் கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடம்), இன்னொரு பக்கம் புரோப்பேன் டாங்க். இரண்டுக்கும் நடுவே எங்கே குவிப்பது என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

இன்னொரு கேள்வி. சரளைக்கல்லில் இரண்டில் எது குறைந்த சேதம் செய்யும்? போன குளிர்காலத்தில் முந்தைய வீட்டுக்காரர் தள்ளிய கற்களெல்லாம் இன்னும் புல்லில் கிடக்கின்றன. புல்வெட்டும் எந்திரத்தில் பட்டுத் தெறிக்கின்றன.


பழைய பட்டறை (டண்டாக்)

செப்டிக் படுகைமேல் பனியைக் குவிக்கவும் வேண்டாம், வண்டி ஏற்றவும் வேண்டாம். இயல்பாக விழுந்து கிடக்கும் தளர்ந்த பனி அதற்குப் போர்வை. மிதித்து இறுக்கினால் குளிர் கீழே இறங்கும், குழாய் உறையும். பிப்ரவரியில் உறைந்த செப்டிக் குழாயைத் திறக்க ஆள் தேடுவது என்ன பாடு என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சரளைக்கு வருகிறேன். இரண்டும் கல்லை எடுக்கும். தகடு கல்லைப் புல்லுக்குத் தள்ளும், புளோயர் கல்லைச் சுட்டுத் தள்ளும். வீசுகுழாயின் எதிரில் ஜன்னலோ காரோ பிள்ளையோ இருக்கக் கூடாது.

முதல் இரண்டு மூன்று பனியை மொத்தமாக வழிக்காதீர்கள். காரை ஏற்றி இறக்கி அழுத்துங்கள். குளிரில் அது கல்லின்மேல் கெட்டியான ஒரு தளமாக உறைந்துவிடும். அதற்குமேல் விழுவதை மட்டும் எடுத்தால் ஏப்ரல்வரை கல்லைத் தொட வேண்டியதில்லை. புளோயரின் இரு பக்கத்திலும் சறுக்குக் கட்டைகள் இருக்கும். அவற்றை இறக்கி, வாய் தரையிலிருந்து ஓர் அங்குலம் உயரே நிற்கும்படி முடுக்குங்கள். தகடு வைத்திருப்பவர்கள் இங்கே ஓர் இரும்புக் குழாயை நீளவாக்கில் பிளந்து தகட்டின் அடி விளிம்பில் மாட்டிவிடுவார்கள். உருண்டையான விளிம்பு கல்மேல் வழுக்கிப் போகும், தோண்டாது. செலவு கொஞ்சம்தான், வேலை செய்யும்.

நடுவில் கரைந்து மறுபடி உறைந்தால் இந்தத் தளம் கண்ணாடியாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் கடைசி 40 மீட்டர் மேடு. அங்கே மணல் தூவ வாளி நிறைய வைத்திருங்கள்.


ஓவன் சவுண்ட் தாதி

எந்திரத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, நேரத்தைப் பற்றித் தெரியும். நானும் காலை ஷிப்ட்.

எங்கள் பாதை 150 மீட்டர். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் விழுந்தால் வந்து தள்ளுவது என்று ஒருவரோடு பருவ ஒப்பந்தம் போட்டிருந்தோம். மனிதர் நல்லவர், வேலையும் சுத்தம். ஆனால் அவருக்கு ஒரு பெரிய வரிசை உண்டு, நகரத்துக் கடை வளாகங்கள் முதலில், கிராமத்துத் தனி வீடுகள் கடைசியில். பெரும்பனி நாளில் ஒன்பது மணிக்கு வருவார். நான் ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் போடுகிறவர்கள் எத்தனை சென்டிமீட்டருக்கு வருவார் என்பதோடு எத்தனை மணிக்குள் வருவார் என்பதையும் தாளில் எழுதி வாங்குங்கள். ஒரு தடவைக்கு இவ்வளவு என்ற கணக்கா, பருவம் முழுவதற்கும் ஒரே தொகையா என்பதையும் கேளுங்கள். ஏரியின் ஈரத்தை அள்ளிவரும் காற்று கொட்டும் ஏரிப் பனி அடிக்கும் எங்கள் பக்கத்தில் ஒரே வாரத்தில் ஐந்து தடவைக்குப் பணம் கொடுக்க நேரிடும்.

இன்னொன்று. புரோப்பேன் வண்டி உள்ளே வர முடியாவிட்டால் எரிவாயு நிரப்ப மாட்டார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் உங்கள் காரைவிட அகலம். பாதையின் அகலத்தைக் காரை வைத்து அளக்காதீர்கள். வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்பேன்.


மேட்டுவீட்டுக்காரன்

மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். இதை நான் யோசிக்கவே இல்லை, சகோதரி. குறித்துக்கொண்டேன்.


பாதைக்காரன் (கிரே கவுண்டி)

சாலைப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். இரண்டு எந்திரங்களுக்கும் முந்திய ஒரு கட்டம் இருக்கிறது. பனியை டிரைவ்வேக்கு வரவிடாமல் செய்வது.

மேற்கு வயலில் பனிவேலி போடுங்கள். மரச்சட்டங்களைக் கம்பியில் கோத்து வரும் வேலி, அல்லது ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் வலை. வேலி பனியைத் தடுத்து நிறுத்துவதில்லை. காற்றைச் சல்லடையாகச் சலித்து வேகத்தைக் குறைக்கிறது, பனி வேலிக்குப் பின்னால் இறங்கிவிடுகிறது. பாதி அடைப்பு, பாதி இடைவெளி உள்ள வேலிதான் நல்லது. முழுச் சுவராக அடைத்தால் கொஞ்சப் பனிதான் சேரும். அடியில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் வேலியே புதைந்துவிடும்.

எல்லோரும் கெடுப்பது தூரத்தில். டிரைவ்வேயின் ஓரத்திலேயே கட்டிவிடுகிறார்கள். பாதி அடைப்புள்ள வேலிக்குப் பின்னால் சேரும் பனி, வேலியின் உயரத்தைப்போல் சுமார் 35 மடங்கு நீளத்துக்கு வளரக்கூடியது. 1.2 மீட்டர் வேலி என்றால் 42 மீட்டர். அதைவிடக் கிட்டத்தில் கட்டினால் அந்தக் குவியலின் வால் உங்கள் டிரைவ்வேயில்தான் வந்து படுக்கும். வேலி இல்லாமல் இருந்ததைவிட மோசம். 42 மீட்டர் என்பது அநேகமாகப் பக்கத்து விவசாயியின் நிலமாக இருக்கும். போய்ப் பேசுங்கள். அறுவடை முடிந்த பிறகு நட்டு, உழவுக்கு முன் பிடுங்கிக்கொள்கிறேன் என்றால் பலர் சம்மதிப்பார்கள். அவர் சோளம் போடும் வருடமாக இருந்தால் சில வரிசைகளை அறுக்காமல் விடும்படி விலைபேசலாம். நின்ற சோளத்தட்டை அருமையான பனிவேலி.

நீண்டகாலத்துக்கு என்றால் டிரைவ்வேயையே உயர்த்துங்கள். கோடையில் சரளை கொட்டி, சுற்றியுள்ள வயலைவிட முப்பது, நாற்பது சென்டிமீட்டர் மேலே கொண்டுவந்தால் காற்றே பாதையைப் பெருக்கிக் கொடுக்கும். சாலை போடுகிறவர்கள் இங்கே அதைத்தான் செய்கிறார்கள். பள்ளத்தில் கிடக்கும் பாதையை எந்தப் புளோயரும் காப்பாற்றாது. பட்டறை ஐயா தகட்டின் வரம்பைக் குறை சொன்னார், நியாயம். ஆனால் ஒரு மீட்டர் பனி கிடக்கும் வயலின் நடுவே புளோயர் வெட்டும் பாதையும் ஒரு வாய்க்கால்தான். அதுவும் நிரம்பும்.


பழைய பட்டறை (டண்டாக்)

ஒத்துக்கொள்கிறேன். வாய்க்கால் நிரம்பும். அதைத் திரும்பவும் வெட்ட எது முடியும் என்பதில்தான் நான் நிற்கிறேன்.


மஸ்கோகாக் காடு

அதற்கு நானே சாட்சி சொல்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹர்ஸ்டில் ஒரு வார இறுதிக்குள் ஒரு மீட்டருக்கும் மேல் கொட்டியது. நெடுஞ்சாலை 11 மூடப்பட்டது, வண்டிகள் அங்கங்கே சிக்கின, நகரில் அவசரநிலை அறிவித்தார்கள். ஏரி உறைவதற்கு முன்பு ஆர்க்டிக் காற்று அதன்மேல் ஓடி வந்தால் இப்படித்தான். ஒரே பனிமேகப் பட்டை, ஒரே இடத்தில் மணிக்கணக்காக நின்று கொட்டும். அந்தப் பனியில் தகட்டால் ஒன்றும் செய்ய முடியாது. தகட்டின் உயரத்தைத் தாண்டி பனி பானெட்டின்மேல் ஏறும், டிரக் அப்படியே மிதந்து நிற்கும். இருபது சென்டிமீட்டர் விழுந்ததும் ஒருமுறை, இன்னொரு இருபதுக்கு இன்னொரு முறை என்று இரவெல்லாம் போய்க்கொண்டே இருந்தவர்கள்தான் பாதையைத் திறந்து வைத்திருந்தார்கள். தூங்கிவிட்டவர்கள் லோடரையோ பெரிய புளோயரையோ தேடிப் போனார்கள். எங்கள் வழிக்கும் புளோயர் பூட்டிய டிராக்டர் ஒன்று வந்துதான் விடிந்தது.

ஆகவே தகடு வாங்குகிறவர் புயல் நடக்கும்போதே வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும். புளோயர் வாங்கியவர் புயல் முடியும்வரை காத்திருக்கலாம், வேலைதான் மெதுவாக நடக்கும்.

அண்ணா, உங்கள் அரை டன் பிக்கப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏழரை அடி இரும்புத் தகடும் அதன் சட்டமும் பல வகைகளில் 300 கிலோவைத் தாண்டும். அவ்வளவும் முன் அச்சுக்கு முன்னால் தொங்கும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருப்பார்கள், அதைப் படிக்காமல் கடைக்குப் போக வேண்டாம். பின்னால் மணல் மூட்டை போட்டுச் சமன்செய்ய வேண்டும். பழைய வண்டி என்றால் முன்பக்க மூட்டுகளும் கியர்பாக்ஸும்தான் முதலில் போகும். முன்னால், பின்னால், முன்னால், பின்னால் என்று ஒரு காலையில் அது படும் பாட்டைச் சாலையில் ஒரு மாதம் ஓடினாலும் படாது. புதுத் தகடு பூட்டிக் கொடுக்க எட்டாயிரம், பத்தாயிரம் டாலர் கேட்பார்கள். அந்தப் பணத்தைப் பழைய அரை டன் வண்டியில் கட்டுவதை நான்கூடச் சொல்ல மாட்டேன்.


சிம்கோ நாலு சக்கரம்

நாலு சக்கர ஏ.டி.வி.யில் ஐந்தடித் தகடு பூட்டி 100 மீட்டர் பாதையைச் சமாளிக்கிறோம். மலிவு. ஆனால் 15 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதற்குத் தள்ளும் எடை இல்லை. மெலங்தனுக்கு இது பரிந்துரைக்க முடியாது.


ஓவன் சவுண்ட் தாதி

எந்திரம் எதுவானாலும் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

ஒவ்வொரு குளிர்காலமும் அவசரப் பிரிவுக்கு விரல் போனவர்கள் வருகிறார்கள். கதை ஒன்றுதான். ஈரப்பனி வீசுகுழாயில் அடைத்துக்கொள்கிறது, எந்திரத்தை நிறுத்துகிறார்கள், நிறுத்திவிட்டோம் என்ற நம்பிக்கையில் கையை விடுகிறார்கள். எந்திரம் நின்றாலும் பெல்ட்டில் முறுக்கு மிச்சம் இருக்கும். அடைப்பு விடுபட்ட நொடியில் விசிறி கால் சுற்று, அரைச் சுற்று திரும்பும். அது போதும், நடுவிரலும் மோதிர விரலும் நுனியோடு போக. கையுறை காப்பாற்றாது, உள்ளே இழுக்கத்தான் உதவும். புளோயரோடு ஒரு பிளாஸ்டிக் குச்சி வரும், அதற்காகவே வருகிறது. தொலைந்துவிட்டால் துடைப்பக் கட்டையை எடுங்கள். கையை மட்டும் விடாதீர்கள்.

கராஜுக்குள் வைத்து எந்திரத்தைச் சூடாக்குவதும் வேண்டாம். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும்.


பழைய பட்டறை (டண்டாக்)

தாதி அம்மா சொன்னதைத் தாளில் எழுதி எந்திரத்திலேயே ஒட்டலாம்.

அதோடு சேர்த்து எந்திரத்துக்கும் ஓர் எச்சரிக்கை. திருகு அலகு தண்டோடு சேரும் இடத்தில் ஷியர் பின் என்று ஒரு மெல்லிய ஆணி இருக்கும். கல்லோ உறைந்த கயிறோ சிக்கினால் அது முறிந்து கியர்பெட்டியைக் காப்பாற்ற வேண்டும், அதற்காகவே மெலிவாகச் செய்தது. அது அடிக்கடி முறிகிறதே என்று எரிச்சலில் கடைத்தெருவில் கிடைக்கும் கெட்டியான போல்ட்டைப் போட்டு முடுக்கிவிடுகிறார்கள். அடுத்த முறை முறிவது கியர்பெட்டி. பட்டறைக்கு வரும் புளோயர்களில் இப்படி வருவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. உரிய ஆணிகளை அரை டஜன் வாங்கி, கைப்பிடியிலேயே ஒரு பையில் கட்டிவையுங்கள். இருட்டில் கராஜுக்குத் திரும்பி நடக்க வேண்டியிராது.

எந்திரத்துக்குள் எதுவும் சிக்கக் கூடாது என்றால் நவம்பரில் பாதை முழுவதும் ஒருமுறை நடந்து பாருங்கள். நாய்ச் சங்கிலி, மின்கம்பி, கால்மிதி, பிள்ளைகளின் பொம்மை. பனிக்குள் புதைந்து உறைந்த செய்தித்தாள் கல்லைவிட மோசம், திருகில் சுற்றிக்கொண்டு விடாது.

வீசுகுழாயின் உட்புறம் சிலிகான் தெளித்தால் ஈரப்பனி ஒட்டாது. ஏப்ரலில் கார்புரேட்டரில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் கோடை முழுவதும் நின்றால் டிசம்பரில் முதல் பனியன்று எந்திரம் கிளம்பாது. அன்று என் பட்டறை வாசலில் இருபது பேர் நிற்பார்கள்.


பாதைக்காரன் (கிரே கவுண்டி)

டிரைவ்வே வாயைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நீங்கள் ஆறு மணிக்குச் சுத்தம் செய்து முடிப்பீர்கள், ஆறு பத்துக்கு எங்கள் பிளவ் வண்டி வந்து வாயை மூடிவிட்டுப் போகும். வேண்டுமென்று செய்வதல்ல. தகடு சுமந்து வரும் பனி முதல் இடைவெளியைக் கண்டதும் அங்கே விழுகிறது. சாலை உப்பு கலந்து, நசுங்கி, கட்டியாக இருக்கும். சின்னப் புளோயர் அதில் முட்டி நின்றுவிடும். இரட்டைக் கட்டப் புளோயர்கூட மெதுவாக, அரை வாய் அகலத்துக்குத்தான் கடிக்க வேண்டும். இந்த ஓர் இடத்தில் தகடு நல்லது.

தப்பிக்க ஒரு வழி. சாலையைப் பார்த்து நில்லுங்கள். எங்கள் வண்டி உங்கள் இடது கைப்பக்கத்திலிருந்து வரும். டிரைவ்வேக்கு இடப்பக்கம், சாலை ஓரத்தில் ஒரு கார் நிற்கும் அளவுக்கு இடத்தைச் சுத்தமாக வெட்டி வையுங்கள். தகட்டில் இருப்பது அந்த இடத்தில் கொட்டிவிடும், உங்கள் வாய்க்கு மிச்சம் கொஞ்சம்தான் வரும். உங்கள் பனியை எப்போதும் வலப்பக்கம் போடுங்கள்.

சாலைக்குக் குறுக்கே எதிர்ப்பக்கம் தள்ளாதீர்கள். சாலையில் பனியைக் கொண்டுபோய்ப் போடுவதை ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181-ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், குறுக்கே இழுத்த கோடு உறைந்து கிடந்தால் அடுத்து வரும் காரின் சக்கரம் அதில்தான் ஏறும். அந்தக் காரில் உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை இருக்கலாம்.


லாவல் அக்கா

தம்பி, இவ்வளவையும் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. பக்கத்து உருளைக்கிழங்கு விவசாயியிடம் டிராக்டர் இருக்குமே. வேலி போட அனுமதி கேட்கப் போகும்போதே, பின்னால் புளோயர் பூட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். நகரத்து ஒப்பந்தக்காரர் பத்துக் கிலோமீட்டர் கடந்து வருவதும், வேலிக்கு அப்பால் இருப்பவர் வருவதும் ஒன்றல்ல.


மேட்டுவீட்டுக்காரன்

அக்கா சொன்னபடியே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். பக்கத்து நிலத்துக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். டிராக்டரின் பின்னால் ஏழடிப் புளோயர் வைத்திருக்கிறார். எப்படியும் காலை ஐந்து மணிக்கு மாட்டுக்கொட்டகைக்கு எழுந்துவிடுவதால் எங்கள் பாதையை முதலில் முடித்துத் தருகிறேன் என்றார். பருவத்துக்கு ஒரே தொகை, ஐந்தேமுக்காலுக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டோம். கராஜ் முன்னால் பனியை எங்கே போடுவது என்று இருவரும் நடந்து பார்த்தோம். ஸ்புரூஸ் வரிசைக்குப் பின்னால், செப்டிக் படுகையைத் தொடாமல்.

வேலிக்கும் சம்மதித்தார். டிரைவ்வேயிலிருந்து 45 மீட்டர் மேற்கே, அறுவடை முடிந்ததும் நடலாம். வசந்தத்தில் கிழங்கு நடத் தொடங்குவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். பாதைக்காரர் சொன்ன 42-க்கு மேல் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன்.

பிக்கப்பில் தகடு பூட்டுவதில்லை என்று முடிவு. கதவுத் தூண் சீட்டைப் படித்தேன், தாங்காது. 28 அங்குல இரட்டைக் கட்டப் புளோயர் ஒன்றை வாங்குகிறேன், பெரும்பாதைக்கு அல்ல, வாசல், புரோப்பேன் டாங்க்குக்குப் போகும் வழி, சாலை வாய் ஆகியவற்றுக்கு. அவர் டிராக்டர் பழுதான நாளில் ஒன்றரை மணி நேரம் நடக்கவும் அது உதவும். மிச்சப் பணத்தை அடுத்த கோடையில் சரளை கொட்டப் பிடித்து வைத்திருக்கிறேன். நடுவில் ஐம்பது மீட்டர் பள்ளமாகத்தான் கிடக்கிறது.

ஓரம் தெரிய நடும் குச்சிகளை எத்தனை மீட்டருக்கு ஒன்று வைப்பது?


பழைய பட்டறை (டண்டாக்)

நேரான இடத்தில் பத்து மீட்டருக்கு ஒன்று, வளைவிலும் மேட்டிலும் நான்கைந்து மீட்டருக்கு ஒன்று. நான்கடிக்குக் குறையாத குச்சி, தலையில் ஒளி திருப்பும் பட்டை. பாதை ஓரத்திலிருந்து ஓரடி வெளியே தள்ளி நடுங்கள், இல்லாவிட்டால் ஏழடிப் புளோயர் அவற்றையும் தின்றுவிடும். புரோப்பேன் டாங்க்கின் நான்கு மூலைக்கும், செப்டிக் படுகையின் எல்லைக்கும் வேறு நிறத்தில் வையுங்கள். நவம்பர் நடுவில் மண் இறுகத் தொடங்கும். அதற்குப் பிறகு துளையிடும் கருவி இல்லாமல் குச்சி இறங்காது, இந்த வார இறுதியிலேயே நட்டுவிடுங்கள்.